நான்கு வரியில் மூன்று தவறு

1946 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருபது நிமிடம். என் முன்னால் ஒரு தாள். அதில் இங்கிலீஷில் டைப் அடித்த வரிகள் நான்கு. தவறு மூன்று.

கார்பன் பிரதி. தொட்டால் மை விரலில் ஒட்டுகிறது. ஜபல்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு கேஸ்கட்டுக்கு மூன்று பிரதி எழுதி நீட்டும்போதெல்லாம் நீ தாளை மூக்குக்குக் கொண்டுபோய், "சர்க்கார் வாசம்டா வாய்க்காலு" என்று என் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிப்பாய். அந்த வாசனைதான் இப்போது மோகனூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அடிக்கிறது. இந்தத் தடவை அதற்குள் உன் பெயர் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். தாசில்தார் வருகிறார். கண்ணாடிச் சட்டம் போட்ட நற்சான்றுப் பத்திரம் ஒன்றை உன் மனைவி கையில் கொடுப்பார். அதிலுள்ள நான்கு வரியை அவர் இங்கிலீஷில் வாசிக்க, நான் தமிழில் சொல்ல வேண்டும். தாளைக் கொடுத்த குமாஸ்தா, "நீங்க கூட இருந்தவங்க, இங்கிலீஷும் தெரிஞ்சவங்க. கொஞ்சம் உருக்கமாச் சொல்லுங்க. நாலு பேர் கண்ணைத் துடைக்கணும்" என்றார். எனக்கு உருக்கத் தெரிந்தது ஈயமும் பித்தளையும்தான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வரி ஒன்று: உன் பெயர், நம்பர், கம்பெனி, ஜாவா தீவில் சுராபாயா நகரம். சரி. வரி இரண்டு: எதிரிகளின் தாக்குதலை அஞ்சாமல் எதிர்த்து நின்றாய். தவறு. வரி மூன்று: தண்ணீர்ப் பம்பு நிலையம் எதிரிகள் கையில் சிக்காமல் காத்தாய். தவறு மட்டுமல்ல, நடந்ததற்கு நேர் எதிர். வரி நான்கு: மன்னர் பிரானின் சேவையில் மனமுவந்து உயிர் கொடுத்தாய். உயிர் போனது உண்மை. மனமுவந்து என்ற சொல்லை நீ கேட்டிருந்தால், சிரிப்பு வந்து வாயில் இருக்கிற டீயைத் துப்பியிருப்பாய்.

நான் பிட்டர். கேஜ் தப்பாகக் காட்டினால் தப்பு என்று எழுதுகிறவன். ஆனால் நேற்று உன் வீட்டில் எனக்கு அது முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நேற்று மத்தியானம் நான் போனபோது உன் மனைவி, எனக்கு அக்கா, கிணற்று முறையை முடித்துவிட்டு அப்போதுதான் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நீ போனதிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டுவது அவர்கள்தான். கை தோல் உரிந்து காய்த்திருக்கிறது.

"வாங்க தம்பி. மோரு குடிக்கறீங்களா, தண்ணி போதுங்களா?"

"தண்ணி போதுங்க்கா."

செம்பைக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்கள். பிறகு கேட்டார்கள்.

"ஊருக்குள்ள ரெண்டு விதமாப் பேசறாங்க. அந்தச் சீமைச் சனமும் நம்மளாட்டமே வெள்ளைக்காரனப் போகச் சொன்னவிகளாமா. அவிகளச் சுடப் போயித்தான் செத்தாருன்னு கதர்க்காரவிக சொல்றாங்க. மணியகாரரு, ராசாவுக்காக உசுரக் குடுத்தாருங்கறாரு. எனக்கு ரெண்டுமே அவராட்டம் தெரியிலீங்க. நீங்க கூட இருந்தவிக. அவரு அங்க யாரச் சுட்டாருங்க?"

ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில். என் சட்டைப் பையில் அந்த நான்கு வரி இருந்தது. 

"வெள்ளிக்கிழமை சொல்றேனுங்க்கா."

"கூட்டத்துலயா?" என்று என்னைப் பார்த்தார்கள். "நான் கூட்டத்துல கேக்கலீங்களே தம்பி. இங்கதான கேட்டேன்."

அவ்வளவுதான். மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் நாமக்கல் வரை என்னை நானே திட்டிக்கொண்டு நடந்தேன். அங்கே ஏறிய கரிவாயு பஸ் வழியில் இரண்டு தடவை நின்றது, அதையும் திட்டினேன்.

சரி. ஆரம்பத்திலிருந்து வருகிறேன். அக்காவிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

சேலத்தில் யுத்தத்துக்கென்று சர்க்கார் நடத்திய மெக்கானிக் வகுப்பில் நாம் சேர்ந்தோம். முதல் நாள் நீ கதர் வேட்டியோடு வந்தாய். லேத் பெல்ட்டில் வேட்டி மாட்டினால் ஆளையும் சேர்த்துச் சுற்றும் என்று வாத்தியார் உன்னைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் கால்சட்டையில் வந்து நின்றாய், யாரோ அடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. முதல் மூன்று மாதம் நமக்குள் "ஏனுங்க", "சொல்லுங்க" என்று மரியாதை ஓடியது. அப்புறம் நான் காவிரிக்கரையான் என்று தெரிந்து எனக்கு "வாய்க்கால்" என்று பெயர் வைத்தாய். நான் உனக்கு "மேட்டாங்காடு" என்று வைத்தேன். உன் ஊரில் புல்லுக்கே தாகம் எடுக்கும் என்று சொல்லிச் சிரித்தேன்.

உனக்கு இந்த யுத்தம் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. நம்மைக் கேட்காமல் நம்மை யுத்தத்தில் சேர்த்துவிட்டார்கள் என்பது நம் இருவருக்கும் ஒரே கோபம். பிறகு ஏன் கையெழுத்துப் போட்டோம்? எனக்கு எஞ்சின் கற்க வேண்டும். வேறு எவனும் எஞ்சினைத் தொட விடவில்லை. உனக்கு மழை பொய்த்துக் கவலை மாட்டை விற்றாயிற்று. படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தோம். அந்தத் தாளின் பின்பக்கத்தை நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. முன்பக்கம் பயிற்சி, பின்பக்கம் பட்டாளம்.

1942 ஆகஸ்டில் ஜபல்பூரில் இருந்தோம். தலைவர்களையெல்லாம் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று நீ சாப்பிட வரவில்லை. நம் ஹவில்தார் வடாற்காட்டுக்காரர். கட்டிலுக்கே வந்து கேட்டார்.

"என்னய்யா, வயித்து வலியா?"

"உண்ணாவிரதமுங்க."

"நான் கேட்டது வயித்து வலியான்னு. ஆமான்னு சொல்லு."

"இல்லீங்க. உண்ணாவிரதம்."

"பாவி, எனக்குப் பென்ஷன் வர இன்னும் நாலு வருஷம் இருக்குய்யா" என்று முனகிக்கொண்டே வயிற்று வலி என்று எழுதி, அதற்கு அத்தாட்சியாக ஒரு அவுன்ஸ் விளக்கெண்ணெயையும் உன் வாயில் ஊற்றிவிட்டுப் போனார். நாட்டுக்காக இருந்த பட்டினிக்கு நீ மறுநாள் முழுவதும் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். அடுத்த வாரம் மறுபடி லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு பிரேக் பார்த்தாய், ஒரு திருகைக்கூட அரைகுறையாக முடுக்காமல். "பிடிக்காத யுத்தத்துக்கு எதுக்குடா இவ்வளவு சுத்தமா வேலை?" என்று கேட்டேன். "பிரேக் போனாச் சாகறது சர்ச்சில் துரையா? ஓட்டறவன் ஆத்தூர்க்காரன்டா" என்றாய்.

அங்கேதான் உன் இன்னொரு கிறுக்கும் எனக்குத் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் மற்றவர்கள் ஸ்பானரைப் பெஞ்சில் போட்டுவிட்டு ஓடுவார்கள். நீ கையில் பிடித்துக்கொண்டு நிற்பாய். அடுத்த ஷிப்ட்காரன் வந்து கையை நீட்டிய பிறகுதான் கொடுப்பாய். உன்னோடு சேர்ந்து நானும் சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆள். ஒரு நாள் கத்தினேன். அப்போதுதான் உன் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொன்னாய்.

அந்தக் கிணற்றில் ஐந்து பங்கு. மாடு அவரவருடையது, தண்ணீர் இழுக்கிற வடக்கயிறும் தோல் சாலும் பொது. ஒருவர் முறை முடிந்தால், அடுத்தவர் வந்து கயிற்றைக் கையில் வாங்கும்வரை போகக்கூடாது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போனால் அடுத்தவனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னதாக அர்த்தம். உனக்கும் உன் பெரியப்பா மகனுக்கும் ஒரு வரப்புக்காக நாமக்கல் கோர்ட்டில் கேஸ். வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில் போவீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. திரும்பி வந்ததும் நீ கயிற்றை நீட்டுவாய், அவர் வாங்குவார்.

"பேச்சே இல்லாம?"

"பேச்சு எதுக்கு? கேஸு வேற, முறை வேற."

"அவன் வரலேன்னா?"

"வருவான்."

"வரவே இல்லேன்னாடா?"

"வர்ற வரைக்கும் நிக்கோணும். உங்கூட்டு வாய்க்காலாட்டம் தானா வந்து காலக் கழுவிட்டுப் போற தண்ணியா அது?"

எனக்கு அது புரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் மடையைத் திறப்போம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவோம்.

பர்மாவை ஒரே பத்தியில் தாண்டிவிடுகிறேன். சேறு, மலேரியா, கியர் பாக்ஸ். அங்கே நீ துப்பாக்கியால் சுட்டாய், இரண்டு தடவை, ஜப்பான்காரர்கள் நம் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிக்கொண்டபோது. யார் மேலாவது பட்டதா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜப்பான்காரன் வந்தால் நமக்கு விடுதலை என்று கம்பெனியில் சிலர் சொன்னார்கள். "எசமான் மாறுனா மாட்டுக்கென்ன லாபம்?" என்று நீ கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாய். அந்தச் சண்டையில் நமக்குக் குழப்பம் குறைவு.

யுத்தம் முடிந்தது என்றார்கள். நாம் பெட்டி கட்டினோம். நீ அக்காவுக்கு ரங்கூனில் ஒரு சீப்பு வாங்கினாய். கப்பல் சென்னைக்கு வரவில்லை, ஜாவாவுக்குப் போனது.

சுராபாயாவில் இறங்கிய வாரம் சுவரெல்லாம் எழுத்து. சிலது நமக்குப் புரியட்டும் என்றே இங்கிலீஷில். நீ என்னைப் படிக்கச் சொன்னாய். விடுதலை என்று எழுதியிருக்கிறது என்றேன். எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம், திரும்பிப் போங்கள் என்று எழுதியிருக்கிறது என்றேன். அவர்களை முந்நூறு வருடமாக ஆண்ட டச்சுக்காரன் மறுபடி வருவதற்குள் ஊரை அடக்கி வைப்பதுதான் நம் வேலை.

நீ சுவரைத் தடவிப் பார்த்தாய். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. "நம்மூரு செவுத்துல எழுதினதேதான்டா. அங்க எழுதுனவனப் புடிக்கப் போலீசு வந்துது. இங்க நாம வந்திருக்கறோம்."

"நாம பிட்டருங்கதான. சுடறது நம்ம வேலை இல்ல" என்றேன்.

"அப்படிச் சொல்லிக்கறதுக்குச் சொகமாத்தான் இருக்குது. நேத்து நான் கிளப்பிக் குடுத்த லாரியில ஏறிப் போனவன் சுட்டான். அந்த லாரி தானாக் கிளம்புச்சா?"

  நீ சுடவில்லை என்று மட்டும் அக்காவிடம் சொல்லி இதை மறைத்தால் அது ஐந்தாவது வரி, நான்காவது தவறு.

பக்கத்துக் கம்பெனியில் இரண்டு பேர் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு அது சரி என்று பட்டது. வாடா, போய்விடலாம் என்றேன். இதை எங்கும் எழுதக்கூடாது, எழுதுகிறேன்.

"போயி?"

"அவுங்க பக்கம் நிக்கலாம்."

"நின்னு? நம்ம ஹவில்தாரச் சுடறதா? விளக்கெண்ணெய் குடுத்ததுக்கா?"

"சும்மா இருக்கலாம்டா."

"சும்மா இருக்கத் தெரிஞ்சிருந்தா ஊட்டுலயே இருந்திருப்பேன். இங்க ஏதாச்சும் நம்ம கைக்கு எட்டற வேலை இருக்கும். பாக்கலாம் இரு."

கைக்கு எட்டிய வேலை அந்தப் பம்பு. நகர ஓரத்தில், கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் செங்கல் கொட்டகை. ஒற்றை சிலிண்டர் எஞ்சின். தலையை ஊதுவிளக்கால் சுட வைத்துத்தான் கிளப்ப வேண்டும். அதிலிருந்து இரண்டு குழாய். ஒன்று ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த நம் முகாம் டாங்குக்கு. மற்றது பாலத்துக்கு அப்பால் ஜனங்கள் இருந்த தெருக் குழாய்களுக்கு. நடுவில் ஒரு வால்வு, அதைத் திருப்ப முழங்கை நீளத்தில் ஒரே ஒரு இரும்புச் சாவி. சண்டை தொடங்கிய அன்று யாரோ வால்வை நம் பக்கம் திருப்பியிருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் கால்வாய்ச் சாக்கடையில் குடம் முக்குவதை நீ இரண்டு நாள் பார்த்தாய். மூன்றாம் நாள் என்னை இழுத்துக்கொண்டு காப்டனிடம் போனாய்.

உன் கேள்வியை நான் இங்கிலீஷில் கேட்டேன். அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் விடும்படி உத்தரவு இல்லை என்றார் காப்டன்.

"விடக்கூடாதுன்னு உத்தரவு இருக்குதுங்களான்னு கேளுடா."

கேட்டேன். அவர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினார். இல்லை. "நீங்கள் இருவரும் இங்கே வரவேயில்லை" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் நல்லவர்தான். அதனால்தான் பின்னால் சிக்கல்.

அந்தப் பம்பின் பழைய ஆபரேட்டர் பாலத்துக்கு அப்பால் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கைலி கட்டி, தலையில் கறுப்புத் தொப்பி. நீ பாலத்து முனையில் நின்று சாவியைத் தூக்கிக் காட்டினாய், ஒரு குறி சொல்கிறவன் மாதிரி. அரை மணி கழித்து வந்தார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. தண்ணீருக்கு அவர்கள் "ஆயர்" என்பார்கள், அந்த ஒரு சொல்தான். கைக்கடிகாரத்தைக் காட்டினாய்: இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உங்கள் பக்கம், மற்ற நேரம் எங்கள் பக்கம். தலையை ஆட்டினார். இரண்டு மணிக்கு வந்து சாவியை உன் கையிலிருந்து வாங்குவார். ஐந்து மணிக்கு உன் கையில் கொடுப்பார். உனக்குப் பேச்சு இல்லை, அவருக்கும் இல்லை. "ஒம் பெரியப்பா மகன் கடல் தாண்டி வந்துட்டான்டா" என்று நான் கிண்டல் செய்தேன். "கேஸு இன்னும் முடியிலியே, வராம என்ன பண்ணுவான்?" என்றாய்.

பதினோரு நாள் அப்படி ஓடியது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பாலத்தில் சண்டை. எல்லோரும் ஒன்றரை மணிக்குள் ரயில் பாதைக்குப் பின்னால் வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. எனக்கு இன்னொன்றும் சேர்த்து: லாரி எடுத்துக்கொண்டு போய், எஞ்சினின் இன்ஜெக்டரைக் கழற்றிக்கொண்டு, உன்னையும் ஏற்றி வர வேண்டும். இன்ஜெக்டர் இல்லாமல் அந்த எஞ்சின் வெறும் இரும்பு. வழியெல்லாம் சுட்டதால் நான் வந்து சேர்ந்தபோதே மணி ஒன்றே முக்கால். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நீ வாசல் தூணோரம் சாவியோடு நின்றிருந்தாய்.

"ஏறுடா. இன்ஜெக்டரக் கழட்டச் சொல்லி உத்தரவு."

"மணி ரெண்டாகப் போவுது. அவன் வருவான்."

"இந்தச் சண்டையில எவன்டா வருவான்?"

"வருவான்."

"சரி, சாவிய அந்தக் கல்லு மேல வெச்சுட்டு வா. வந்தா எடுத்துக்கட்டும்."

"கீழ வெக்கறதில்லடா." சத்தம் போடாமல்தான் சொன்னாய். "இனிமே இங்க நாம வர மாட்டோம். மொத்தமும் அவுங்க முறைதான். கையில குடுத்துட்டு வாரேன்."

என் கையில் ஸ்பானர் இருந்தது. நாலு திருகு, இரண்டு நிமிட வேலை. உன்னைத் தள்ளிவிட்டுப் போய்க் கழற்றியிருக்கலாம், உன்னைவிட எனக்கு உடம்பு அதிகம். நீ வழியில் நின்றாய். "உத்தரவ நீ சொன்னேன்னு சொல்லிக்க. நான் கேக்கலேன்னும் சொல்லிக்க. லாரிய அந்தச் செவுத்துக்குப் பின்னால நிறுத்து, டயர்ல அடிக்கறாங்க." டயரைப் பற்றிச் சொன்னால் நான் போவேன் என்று உனக்குத் தெரியும். ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

சுவர் முனையிலிருந்து பார்த்தேன். இரண்டு மணி. வரவில்லை. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கால்வாய்க் கரையோடு குனிந்து ஓடி வந்தார். நீ ஒரு அடி வெளியே வந்து நீட்டினாய். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கொட்டகைக்குள் போனார். நீ என் பக்கம் திரும்பினாய். அவ்வளவுதான் நீ நடந்தது.

எந்தப் பக்கத்துக் குண்டு என்று தெரியாது. இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தெரிந்த மாதிரி யாரிடமும் சொல்லமாட்டேன். உன்னைத் தூக்கி லாரியில் போட்டபோது சட்டைப் பையில் அந்தச் சீப்பு இருந்தது. உனக்கு உயிர் இல்லை.

முகாமுக்கு வந்ததும் காப்டனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். இன்ஜெக்டர் எங்கே என்றார். எஞ்சினில் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். உன்னைப் போர்த்தி வைத்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது உன் மேல் கோபம்தான் இருந்தது. ஐந்து நிமிடம். ஒரு இரும்புச் சாவியைக் கல்மேல் வைக்க மாட்டாமல் ஒரு மனிதன் செத்தான் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

மணி ஐந்து ஆயிற்று. முகாம் டாங்கில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

சமையல்காரன் முதலில் கத்தினான். ஹவில்தார் எழுந்து நின்றார். நான் ஓடிப்போய்க் குழாயில் கை வைத்துப் பார்த்தேன். அந்த ஆபரேட்டர் தன் முறையை முடித்துவிட்டு, கொடுக்க ஆளில்லாததால், தானே வால்வை நம் பக்கம் திருப்பியிருக்கிறார். மறுநாள் இரண்டு மணிக்கு நின்றது. ஐந்து மணிக்கு வந்தது. மூன்று நாள் அப்படி. நாம் அவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தோம், அவர்கள் நம்மைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் மட்டும் மணி தவறாமல் வந்தது. நாலாம் நாள் வரவில்லை. அந்தப் பக்கம் புகை. ஏன் என்று தெரியாது.

அந்த முதல் சாயங்காலம் காப்டன் டாங்கையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீ சொன்னதை எழுதினால், எதிரிக்குப் பம்பை ஒப்படைத்தவன் என்று பதிவாகும். அவன் வீட்டுக்கு ஒரு ஆறுதல் கடிதம்கூடப் போகாது" என்றார். இந்த நான்கு வரியை எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், மறுக்கவில்லை. அது முதல் மௌனம். நேற்று அக்காவிடம் இருந்தது இரண்டாவது. மூன்றாவது கிடையாது.

நீ பம்பைக் காத்தாய். அது உண்மை. எங்களிடமிருந்து காத்தாய். இந்தச் சொல்லைச் சேர்த்தால் மூன்றாவது வரி சரியாகிவிடும். சேர்த்தால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். சட்டம் போட்ட பத்திரத்தைத் திரும்பக் கேட்கலாம். லீவில் இருக்கிற என்னை அங்கேயே பிடிக்கலாம். ஆனால் சேர்க்காவிட்டால், உன் ஊரில் நீ காலம் முழுவதும் இரண்டில் ஒன்று: ராசாவின் ஆள், அல்லது அந்த ஜனங்களைச் சுடப் போனவன். அக்கா சொன்னது சரி. இரண்டுமே உன் மாதிரி இல்லை.

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உன் கிறுக்கு என்னிடம் ஒட்டிக்கொண்டது. நேற்று பஸ் நின்றபோது டிரைவருக்குக் கை கொடுத்தேன்; வேலை முடிந்ததும் லிவரைக் கீழே வைக்கச் சொன்னார். வைக்கவில்லை, அவர் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன தம்பி, பட்டாளமா?" என்றார். இல்லீங்க, மேட்டாங்காட்டுப் பழக்கம் என்றேன்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை புதன்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். அக்கா கேட்ட இடத்திலேயே பதில் சொல்கிறேன். ஜாவாவில் நீ ஒருவரையும் சுடவில்லை என்பதையும், பர்மாவில் சுட்டதையும், லாரியைப் பற்றி நீ சொன்னதையும், இன்ஜெக்டர் கழற்றப் போனவன் நான் என்பதையும்.

2. நான்கு வரியையும் வாசித்துக் காட்டுகிறேன். உண்மையைச் சொன்னால் எதெல்லாம் போகலாம் என்பதையும் சொல்கிறேன். முடிவு அவர்களுடையது. நான் அவசரப்படுத்தமாட்டேன்; இது எனக்குக் கஷ்டம்.

3. சொல்லுங்க என்றால், வெள்ளிக்கிழமை முழுக்கச் சொல்கிறேன். முதலில் தமிழில். அப்புறம் தாசில்தாருக்காக இங்கிலீஷில். காப்டன் பெயரை எடுக்கமாட்டேன்.

4. வேண்டாம் என்றால், தாளைக் குமாஸ்தாவிடம் திருப்பிக் கொடுக்கிறேன். வேறு யாராவது வாசிக்கட்டும். பொய் அளவு என் வாயிலிருந்து வராது.

5. 22ஆம் தேதி லீவு முடிகிறது. ரயில் ஏறுகிறேன், ஓடமாட்டேன். மறுபடி ஜாவா என்றால், போகமாட்டேன் என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். அடைத்தால் அடைக்கட்டும். இந்தத் தடவை பின்பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

6. அந்த ஆபரேட்டரின் பெயர் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்றைக்காவது சுராபாயாவுக்குப் போவேன், சிப்பாயாக அல்ல. அவர் உயிரோடு இருந்தால் பெயரைக் கேட்பேன். உன் பெயரைச் சொல்வேன்.